வாடகைக் காருக்கு நாலு தேசிக்காய்

1

இந்தக் கதையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று முருகன் அறிய, என் இரண்டு கண்களும் அறிய (வலது கண்ணில் கற்றரக்ட் வெட்டியாயிற்று, இடது கண்ணுக்கு வருகிற மாதம் நாள் தந்திருக்கிறார்கள்) மனமார உறுதி கூறுகிறேன். இப்படி ஓர் உறுதிமொழியை இதற்கு முன் ஒரே ஒருமுறைதான் கூறியிருக்கிறேன். அப்போது எதிரில் ஒரு சமாதான நீதவான் இருந்தார், றப்பர் முத்திரை இருந்தது. இப்போது நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள். முத்திரை இல்லாத இடத்தில் மனிதன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கதை எங்கே பிறந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிட்னி, பென்டில்ஹில்லில் சிவசோதி வீட்டுச் சாமியறையில், பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவே, லமினேற் செய்யப்பட்ட ஓர் ஆங்கிலக் கடிதம் தொங்கியது. அதற்குச் சந்தனப் பொட்டு இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பூவும் கிடைத்தது. ஒருநாள் விளக்குக் கொளுத்த வந்த, அயலில் இருக்கும் பத்மா அன்ரி அதன் முன்னாலும் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, பிறகுதான் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். வாகன விபத்துச் சம்பந்தமாக, நீங்கள் தவறிழைத்தவர் அல்லர் என்று அதில் இருந்தது. கும்பிட்டது கும்பிட்டதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுத வேண்டாம் என்று ஒருவர் கேட்டார். அவர் சிவசோதி.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘சிவசோதிக்கு எழுபத்தெட்டு வயது, அவருடைய கேம்ரிக்குப் பதினாலு. இருவருக்கும் முழங்காலில்…’

வேண்டாம். காருக்கு முழங்கால் கிடையாது. உண்மை மட்டும் எழுதுவதாகச் சொன்ன ஈரம்கூடக் காயவில்லை.

இரண்டாவது தொடக்கம்:

‘2012 ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, பிளாக்டவுனுக்குப் போகும் வழியில் ஒரு ரவுண்டபவுட்டின் வெள்ளைக் கோட்டைச் சற்றே தாண்டிக் காரை நிறுத்திய சிவசோதி, வலப்பக்கம் பார்த்து, பெரிய லொறி ஒன்று வருவதைக் கண்டு, கியரை

[வசனம் நீண்டுகொண்டே போகிறது. இங்கே வெட்டுகிறேன். வாசகருக்கு மூச்சு முட்டும்.]

மூன்றாவது தொடக்கம்:

‘டமார்.’

இதுதான் சரி. சுருக்கம், உண்மை, யாருக்கும் நோகாது. கேம்ரியின் பின்புறமும் ஒரு நீலக் காரின் முன்புறமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. கேம்ரியில் சிவசோதியும், பிளாக்டவுன் கண் வைத்தியரிடம் அவர் கூட்டிக்கொண்டு போன நண்பர் தவமும் இருந்தார்கள்.

தவத்தைப் பற்றி இப்போதைக்கு அதிகம் சொல்லமாட்டேன். முதல் வரைவில் அவர் இல்லவே இல்லை. இரண்டாவது வரைவில் பின்சீற்றில் தூங்கினார். கதைக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டதால் முன்சீற்றுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆள் நம்பத்தக்கவர்தானா என்று எனக்கே நிச்சயமில்லை.

3

அடுத்து வருகிற பாத்திரத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் மூன்றுமுறை மாற்றி எழுதிப் பார்த்தேன். ஆளை மாற்ற முடியவில்லை.

நீலக் காரிலிருந்து இறங்கிய இளைஞன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். கழுத்துப்பட்டியில் தயிர்சாதம் இருந்தது. சட்டையிலும் இருந்தது. ஒரு மாதுளை முத்து காதோரம் ஒட்டியிருந்தது. பெயர் பிரதீப்குமார்; சென்னை; பரமட்டாவில் ஒரு கம்பியூட்டர் அலுவலகத்தில் வேலை. சிட்னியில் கார்கள் முட்டிக்கொண்டால் இறங்குகிற மனிதர் முதலில் போனை எடுப்பார், பிறகு படம் பிடிப்பார், பிறகு மற்றவரைக் குருடன் என்பார். இவன் கும்பிட்டுக்கொண்டே வந்தான்.

“சாரி சார், என் மேலதான் தப்பு. பக்கத்து சீட்டுல டப்பா சரிஞ்சுது, புடிக்கக் குனிஞ்சேன். நிமிர்றதுக்குள்ள உங்க மேல வந்துட்டேன்.”

சிவசோதி வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய வசனம் [இதுவும் நீளம்]. வந்தது இதுதான்:

“பரவாயில்லைத் தம்பி. உடுப்பெல்லாம் தயிர்.”

பிறகு இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டார்கள். அவன் சாரி என்றான், இவர் சொறி என்றார். அவன் பெரியவர்களுக்கு அதிர்ச்சி கொடுத்துவிட்டேன் என்றான், இவர் மதியச் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டேன் என்றார். பின்னால் நின்ற பதினேழு கார்களும் ஹோர்ன் அடிக்காமல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தன.* தவம் காருக்குள்ளேயே இருந்தார். கண் சரியில்லாத மனிதர், இறங்கி என்ன செய்வது?

யாரும் அழைக்காமலே ஓர் இழுவை வண்டி வந்தது. அதன் சாரதி கேம்ரியின் பின்புறத்தைப் பார்த்தான், பிரதீப்குமாரின் வாக்குமூலத்தைக் கேட்டான், சிவசோதியின் கையில் ஓர் அட்டையை வைத்தான். பிழை உங்களுடையது இல்லையென்றால் இந்த இலக்கத்துக்குப் பேசுங்கள், எல்லாவற்றையும் அவர்களே பார்ப்பார்கள் என்றான்.

* பதினேழு என்பதில் பேக்கரியின் ஒரு சிறிய பாண் வானும் அடக்கம்.

4

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

சிவசோதிக்கு ஒரே மகள், நிரஞ்சினி. பரமட்டாவில் மருந்தகம் நடத்துகிறாள். எழுபத்தைந்து தாண்டியவர்கள் கார் ஓட்ட வேண்டுமானால் வருடாவருடம் டொக்டரிடம் கடிதம் வாங்க வேண்டும். டொக்டர் ஈஸ்வரமூர்த்தி முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நிரஞ்சினி அவ்வளவு சுலபமானவள் அல்ல. ஓகஸ்டில் பக்கத்து வீட்டுத் தபால்பெட்டி சாய்ந்தது. செப்ரெம்பரில் சூப்பர்மார்க்கெற் வாசலில் வரிசையாக நின்ற இருபத்திரண்டு தள்ளுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு வீதிவரை போயின. அன்று அவள் தகப்பனைக் கதிரையில் இருத்திச் சொன்னாள்:

“அப்பா, தபால்பெட்டிக்கும் தள்ளுவண்டிக்கும் வாயில்லை. அடுத்தது ஆக்களா இருக்கும். இனி உங்கட பிழையில ஒண்டு நடந்தா, கார்த் திறப்பு என்ர கையில. சரியோ?”

ஓம் என்றார் சிவசோதி. வேறென்ன சொல்வது? கேட்டது நியாயம்.

ஆனால் திறப்பைக் கொடுத்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கோபாலகிருஷ்ணன் இரண்டு வருடத்துக்கு முன் தன் கார்ச் சாவியை மகனிடம் கொடுத்தார். அன்றிலிருந்து, மகன் பதினொரு மணிக்கு வந்து ஏற்றுவதாகச் சொன்னால், அவர் எட்டு மணிக்கே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு யன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறார். ஒரு மணிக்கு ரெலிபோன் வரும், இன்றைக்கு முடியவில்லை அப்பா என்று. அவர் சப்பாத்தைக் கழற்றுவதை சிவசோதி ஒருமுறை பார்த்திருக்கிறார். இடது கால் கழற்றக் கால் மணி. வலது கால் கழற்றக் கால் மணி.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை சிவசோதிக்கு வேண்டியிருந்தது நஷ்டஈடு அல்ல, புதிய பம்பர் அல்ல. பிழை தன்னுடையது அல்ல என்று யாராவது ஒருவர் எழுதித் தர வேண்டும்.

5

கம்பெனியின் பெயரை எழுதமாட்டேன். கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம்.

அதன் தொழில் இதுதான். உங்கள் காரை ஒருவர் இடித்துவிட்டார், பிழை அவருடையது. கம்பெனி உங்கள் காரைத் திருத்தும், திருந்தும் வரை ஓட்ட வேறொரு கார் தரும், செலவையெல்லாம் இடித்தவரின் காப்புறுதியிடம் வாங்கிக்கொள்ளும். நீங்கள் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், பிழை உங்களுடையதாக இல்லாத வரைக்கும். சிவசோதியிடம் கட்டாயக் காப்புறுதி மட்டும்தான் இருந்தது. அது மனிதருக்கு அடிபட்டால் பார்க்கும், தகரத்துக்கு அடிபட்டால் பார்க்காது. எனவே அட்டையில் இருந்த இலக்கத்தை அழுத்தினார்.

மெலிசா என்ற பெண் பேசினாள். எங்கே நின்றீர்கள் என்று கேட்டாள். வெள்ளைக் கோட்டருகே என்றார். கார் எந்தப் பக்கம் நசுங்கியது என்று கேட்டாள். பின்பக்கம் என்றார். மற்றவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். தன்னுடைய பிழை என்று சொன்னார் என்றார். மூன்றும் உண்மை. அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

“தென் யூ ஆர் நொட் அற் ஃபோல்ற், மிஸ்டர் சிவா.”

மனைவி இருந்த நாற்பத்திரண்டு வருடத்தில், மகள் பிறந்த நாற்பத்தாறு வருடத்தில், எந்தப் பெண்ணும் அவரிடம் ‘பிழை உங்களுடையதல்ல’ என்ற இந்த வசனத்தைச் சொன்னதில்லை. இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னாள். எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். இரண்டு நாளில் கடிதம் வந்தது. மூன்றாம் நாள் லமினேற் ஆனது. நான்காம் நாள் சாமியறைக்கு ஏறியது. ஐந்தாம் நாள் நன்றி சொல்ல ரெலிபோன் எடுத்தபோது, காத்திருக்கும் நேரத்தில் வழக்கமான பியானோவுக்குப் பதிலாக அந்த வசனமே ஒலித்ததாகச் சிவசோதி சொல்கிறார். (அப்படி ஒலித்தது என்று நான் சொல்லவில்லை. அவர் சொல்கிறார் என்று சொல்கிறேன். அவர் சொன்னது உண்மை.)

நிரஞ்சினி வந்து கடிதத்தை இரண்டுமுறை வாசித்தாள். மருந்துச் சீட்டை வாசிக்கிற முகம். இடித்தவரின் காப்புறுதி என்ன சொல்கிறதென்று பார்ப்போம் என்றுமட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

6

மாற்றுக் கார் வந்தது. சிவப்பு. ஓடியது முந்நூறு கிலோமீற்றர். அதற்குத் திறப்பை நுழைக்கத் துவாரமே இல்லை. ஒரு பொத்தானை அமத்தினால் பிறந்த குழந்தை மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கம்பெனியின் ஆள் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தான். கடைசியில் கியரைப் பின்னுக்குப் போட்டான். உடனே முன்னால் ஒரு சிறிய தொலைக்காட்சி விழித்துக்கொண்டு, காருக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் காட்டியது: குப்பைத் தொட்டி, வேலி, பக்கத்து வீட்டுத் தபால்பெட்டி. கூடவே பீப், பீப் என்று ஓர் எச்சரிக்கை.

சிவசோதி அந்தத் தொலைக்காட்சியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எல்லாக் காரிலயும் இருக்கோ?” என்று கேட்டார்.

புதுக் கார்களில் மட்டும் என்றான். சிவசோதி தலையாட்டினார். இது மட்டும் கேம்ரியிலும் இருந்திருந்தால்

[பொருத்தமில்லாத வரி. நீக்க மறந்தால் மன்னிக்கவும்.]

7

இனித்தான் அந்தத் தவறு. உலகத்தில் வேறெந்தச் சாதிசனமும் இந்தத் தவறைச் செய்திருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

சிவசோதி வாழ்க்கையில் தேசிக்காய் நசிக்காத காரை ஓட்டியதில்லை. கார் வந்தால் கோயிலுக்குப் போக வேண்டும், ஐயர் மாலை போட வேண்டும், நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைக்க வேண்டும், அவற்றை நசித்துக்கொண்டு கார் முன்னே போக வேண்டும். இது வாடகைக் கார், இன்னும் மூன்று கிழமையில் திரும்பிப் போகிறது என்று தவம் எடுத்துச் சொன்னார்.

“வாடகையெண்டாலும் சில்லு சில்லுத்தானே” என்றார் சிவசோதி.

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போனார்கள். ஐயர் காரைச் சுற்றிவந்து கண்ணில் பட்ட இடமெல்லாம் சந்தனம் வைத்தார். பின்னால் ஒரு சிறிய கறுப்புக் கண்ணைக் கண்டு அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். அது கமரா. அன்றிலிருந்து அந்தக் கார் பின்னால் போகும்போதெல்லாம் தொலைக்காட்சியில் மஞ்சள் மட்டுமே தெரிந்தது. சிவசோதி அதைத் துடைக்கவில்லை.

கார் நகர்ந்தது. மூன்று தேசிக்காய் முறைப்படி நசிந்தன. நாலாவது நசியவில்லை. ரயர் அவ்வளவு புதிது; பிதுங்கித் துள்ளி, செருப்பு வைக்கும் இடத்தைத் தாண்டி, ஒரு தூணில் பட்டுத் திரும்பி, கோயிலுக்குள் வந்துகொண்டிருந்த ஓர் இளைஞனின் காலடியில் போய் நின்றது. இதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் நான் சத்தியம் செய்திருக்கிறேன். அந்த இளைஞன் பிரதீப்குமார். (இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சிட்னியில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரைச் சந்திக்காமல் இருக்க விரும்பினால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகக் கூடாது.)

அவன் எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்தான். மாலையைப் பார்த்தான், சந்தனத்தைப் பார்த்தான், முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வாரம் தன்னுடைய காரும் வந்துவிடும் என்றான். தயிர்சாதத்தை இனிப் பின்சீட்டில்தான் வைப்பதாகச் சொன்னான். மனைவி தாரிணியும் கார் ஓட்டப் பழகுகிறாள், ஆனால் விபத்துக்குப் பிறகு தன் காரை அவளுக்குத் தரப் பயமாயிருக்கிறது, காப்புறுதிக்காரர்கள் தன்னைக் கவனமில்லாத சாரதி என்று எழுதிவிட்டார்கள் என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிவசோதி சிரிக்கவில்லை.

“புது கார் எடுத்துட்டீங்களா சார்? எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? நில்லுங்க, ஒரு ஃபோட்டோ எடுக்குறேன்.”

எடுத்தான். சிவசோதி ஒரு கையை மாலை போட்ட பொனெற்றில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் தவத்தின் அரைவாசி.

8

பிரதீப்குமார் நல்ல பிள்ளை. தன் காப்புறுதிக்காரர் ரெலிபோனில் அழைத்து, அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தபோது, நன்றாக இருக்கிறார், புதுக் காரே வாங்கிவிட்டார் என்று மனம் குளிரச் சொன்னான். நம்பிக்கைக்காகப் படத்தையும் அனுப்பினான்.

இரண்டாம் நாள் மெலிசா பேசினாள். குரலில் பியானோ இல்லை. புதுக் கார் வாங்கியவருக்கு வாடகைக் கார் எதற்கு என்று மற்றப் பக்கம் கேட்கிறது என்றாள். கார் தேவை என்று அவர் கையெழுத்திட்டது பொய்யென்றால் மற்றவற்றையும் நம்ப முடியாது என்கிறார்கள். முழுக் கோப்பையும் முதலிலிருந்து பார்க்கப் போகிறார்களாம்: யார் எங்கே நின்றார், யார் யாரை இடித்தார், எல்லாம்.

முதலிலிருந்து என்ற சொல்லைக் கேட்டதும் சிவசோதி சாமியறைக் கடிதத்தைத் திரும்பிப் பார்த்தார். கோபாலகிருஷ்ணனின் சப்பாத்து கண்முன் வந்தது.

படத்தில் இருப்பது இதே சிவப்பு வாடகைக் கார்தான் என்றும், மாலை ஏன் போட்டோம், தேசிக்காய் ஏன் வைத்தோம் என்றும் ஐம்பது நிமிடம் விளக்கினார். மெலிசா பொறுமையாகக் கேட்டாள். இந்த நாட்டில் வருடத்துக்கு ஒருமுறை காரை மெக்கானிக்கிடம் காட்டி பிங்க் ஸ்லிப் வாங்குகிறோமே, அதுபோலக் கடவுளிடம் வாங்குகிற பிங்க் ஸ்லிப்பா என்று கேட்டாள். சிவசோதி யோசித்துப் பார்த்து, ஓம், ஆனால் அவர் பிரேக்கைப் பார்க்கமாட்டார் என்றார்.

அவளுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு சத்தியக்கடதாசி வேண்டும் என்றாள். ஒன்று சிவசோதியிடமிருந்து, கார் பற்றி. மற்றது சாட்சியிடமிருந்து, விபத்துப் பற்றி.

9

சனிக்கிழமைகளில் வென்ற்வேர்த்வில் நூலகத்தில் ஒரு மேசை போட்டு, சமாதான நீதவான் வரதராஜன் உட்கார்ந்திருப்பார். காற்புள்ளி பிழையென்றால் கடதாசியைத் திருப்பிக் கொடுக்கிற மனிதர். சாட்சியின் கடதாசியை ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். கேம்ரி ரவுண்டபவுட்டின் வெள்ளைக் கோட்டருகே இருந்தது. அதன் பின்புறமும் நீலக் காரின் முன்புறமும் முட்டின. நீலக் காரின் சாரதி இறங்கிவந்து பிழை தன்னுடையது என்று சொன்னார். அவருடைய கழுத்துப்பட்டியில் தயிர்சாதம் இருந்தது.

“இதில உள்ளது எல்லாம் உண்மையோ?” என்று வரதராஜன் கேட்டார்.

“ஒவ்வொரு சொல்லும் உண்மை” என்றேன்.

ஆம், என்றேன். தவம் என்று இவ்வளவு நேரமும் யாரோபோல எழுதிவந்த ஆள் நான்தான். மூன்றாம் மனிதனாக எழுதினால் மரியாதையாக இருக்குமென்று பார்த்தேன். ஆனால் முத்திரை விழுகிற சத்தம் என் கடதாசியில்தான் கேட்டது. அதை இன்னொருவர் தலையில் கட்ட முடியவில்லை.

வெளியே வந்ததும் சிவசோதி என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லாய் எழுதியிருக்கிறாய் என்றார். நல்லாய்த்தான் எழுதியிருந்தேன்.

10

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவசோதி வீட்டில் புட்டும் மீன்குழம்பும். நிரஞ்சினியும் வந்திருந்தாள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் நேராகக் கேட்டாள்:

“தவம் அங்கிள், பக்கத்தில இருந்தது நீங்கள். அப்பாவில ஒரு பிழையும் இல்லையோ? எனக்குச் சொல்லுங்கோ. ஒருவேளை நாளைக்கு அவருக்கே ஏதும் நடந்தா, நான் ஏன் கேக்காம விட்டனெண்டு இருக்கக் கூடாது.”

வாயில் புட்டு இருந்தது. புட்டை விழுங்க எவ்வளவு நேரம் எடுக்கலாமோ அவ்வளவும் எடுத்தேன்.

“பிள்ளை, நான் எழுதிக் குடுத்ததில ஒரு சொல்லும் பொய்யில்லை.”

சிவசோதி தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனார். அவருடைய கிளாஸ் நிரம்பியே இருந்தது.

மூன்று கிழமையில் எல்லாம் முடிந்தது. மற்றப் பக்கம் முழுவதையும் ஏற்றுக்கொண்டது. கேம்ரி புதிய பம்பரோடு திரும்பி வந்தது. சிவப்புக் கார் சந்தனத்தோடு திரும்பிப் போனது. நிரஞ்சினி மருந்தகத்தை நேரத்தோடு பூட்டிக்கொண்டு வந்து, சாமியறையில் அந்தக் கடிதத்தின் முன்னால் நின்றாள். பிறகு திரும்பி, “சொறி அப்பா” என்றாள். “நான் உங்களைச் சந்தேகப்பட்டது பிழை. திறப்பை நீங்களே வைச்சிருங்கோ. இனி நான் கேக்கமாட்டன்.”

சிவசோதி தலையாட்டினார்.

11

முடிவுகள்.

முதல் முடிவில், சிவசோதி எண்பத்தைந்து வயதுவரை கார் ஓட்டுகிறார், ஒவ்வொரு வியாழனும் கோபாலகிருஷ்ணனைப் பதினொரு மணிக்குச் சரியாக ஏற்றுகிறார். நல்ல முடிவு. எழுதி வாசித்துக் காட்டினேன். கிழித்துப் போடச் சொன்னார்.

இரண்டாவது முடிவில், மெலிசா சேலை கட்டிக்கொண்டு தேருக்கு வருகிறாள். இது என் ஆசை. கதைக்குத் தேவையில்லை.

மூன்றாவது, நடந்தது. மகள் மன்னிப்புக் கேட்ட அடுத்த சனிக்கிழமை, சிவசோதி கேம்ரியைக் கழுவினார். என்னையும் ஏற்றிக்கொண்டு பிரதீப்குமாரின் வீட்டுக்குப் போனார். பெயர் மாற்றும் படிவத்தை நிரப்பி, தன் பகுதியில் கையெழுத்தும் போட்டுவைத்திருந்தார். வாசலில் வைத்தே தாரிணியின் கையில் திறப்பைக் கொடுத்து, பழகுங்கோ பிள்ளை, பழைய கார், தட்டுப்பட்டாலும் கவலையில்லை என்றார்.

பிரதீப்குமார் அழுதேவிட்டான். “சார், இடிச்சது நானு. எனக்குப் போய் உங்க காரையே…”

“அதைப்பற்றி இனிக் கதைக்க வேண்டாம் தம்பி” என்றார் சிவசோதி. இவ்வளவு கடுமையான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தோம். தாரிணி நாலையும் நசித்தாள். நாங்கள் இருவரும் நாற்பது நிமிடம் நடந்து வீடு வந்தோம். வந்ததும் அவர் சாமியறைக் கடிதத்தைக் கழற்றினார். லமினேற் செய்திருந்ததால் கிழிக்க முடியவில்லை. ஆடுகிற கதிரை ஒன்றின் காலுக்குக் கீழே மடித்து அண்டை வைத்தார். இப்போது அந்தக் கதிரை ஆடுவதில்லை.

ஊர் கொண்டாடியது. இடித்தவனுக்கே காரைக் கொடுத்த மனிதர் என்று பென்டில்ஹில் மரக்கறிக் கடையில் அவருக்கு முருங்கைக்காய் இலவசம். கோயிலில் பொன்னாடை போர்த்தப் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவந்துவிட்டார். பத்மா அன்ரி அவரைக் காணும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். நிரஞ்சினிக்குத்தான் விளங்கவில்லை. ஏனப்பா, நான்தானே திறப்பு வேண்டாமெண்டு சொன்னனான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என்னிடமும் கேட்கிறாள். வியாழக்கிழமைகளில் சிவசோதியும் கோபாலகிருஷ்ணனும் நானும் பஸ்ஸில் போகிறோம். மூவரும் காலையில் சப்பாத்துப் போட்டு உடனேயே புறப்பட்டுவிடுகிறோம்.

ஏன் கொடுத்தார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விடுகிறேன்.

………………………………………

………………………………………

போதாவிட்டால், இரண்டாம் பகுதியில் நான் வெட்டிய வசனத்தைத் தருகிறேன். அன்று என் கண்ணுக்குத் தூரத்தில் இருப்பதுதான் தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். கியர் ரிவேர்ஸில் இருந்தது.